அப்பாவும் தம்பியும் கடல் பார்க்கப் போன சனிக்கிழமை

மார்த்தாண்டம்
1932 டிசம்பர் 5

அன்பு மகள் கிரேசிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் உன்னையும் மருமகனையும் அந்தக் குளிர் மலையில் நல்ல சுகத்தோடு காத்து வருகிறார் என்று உன் கடிதத்தில் கண்டு மனம் குளிர்ந்தேன். இங்கே நானும் உன் மாமா ராஜையனும் சுகம். உன் தம்பி ஆபேல் போன வாரம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்து இப்போதுதான் எழுந்து கஞ்சி குடிக்கிறான், நீ பயப்படாதே, காய்ச்சல் விட்டுவிட்டது. அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன், யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது, உன்னை விட்டால் யாரிடம் சொல்வேன்.

ஆபேலுக்கு ஒன்பது வயது முடிந்தது அக்டோபர் மாதம் அல்லவா, அன்றைக்கு அப்பா வருவார் என்று ரோட்டுப் பக்கம் போய்ப் போய் நின்றான். பேச்சிப்பாறையில் மழை கொட்டி அணை நிறைந்து கிடந்ததால் ஷட்டர் பார்க்கிற ஆட்களுக்கு லீவு இல்லையாம், உன் அப்பா வரவில்லை. நான் பாயசம் வைத்தேன், பிள்ளை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டான். அப்புறம் ஒரு மாதம் கழிந்து ஒரு சனிக்கிழமை காலையில் உன் அப்பா முற்றத்தில் வந்து நிற்கிறார். சவரம் செய்த முகம், வெளுத்த வேட்டி, கையில் புதுக்குடை. பிறந்த நாளைக்குத்தான் முடியவில்லை, இன்றைக்குப் பயலைக் கன்னியாகுமரிக்குக் கொண்டுபோய்க் கடல் காட்டிவிட்டு வருகிறேன் என்று உன் மாமாவிடம் சொன்னார். என்னிடம் இல்லை, மாமாவிடம். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன், அது அவருக்கும் தெரியும்.

கிரேசி மக்களே, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து உன் கல்யாணத்துக்குக் கட்டிய சேலையை எடுத்துவிட்டேன். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் கன்னியாகுமரி போகலாம் என்று சொன்னவர் அவர்தான். அப்போது நீ வயிற்றில் இருந்தாய், பிள்ளை பிறக்கட்டும் என்றார். பிறகு நீ கைக்குழந்தை, பிறகு அவருக்கு வேலை மாற்றம், பிறகு அந்தப் பேச்சே போய்விட்டது. மூன்று வருஷம் முன்பு அணைக்கட்டுக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு மலைக்காய்ச்சல் வந்தபோது நான் ஆபேலைத் தூக்கிக்கொண்டு இங்கே மாமா வீட்டுக்கு இறங்கி வந்ததும், கூப்பிட வருவார் என்று நானும் தானாய் வருவாள் என்று அவரும் இருந்தே இப்படி ஆனதும் உனக்குத் தெரியும். உன் கல்யாணத்தில்கூட கோயிலுக்குள் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். அப்படியிருந்தும் ஒரு பேச்சுக்காவது நீயும் வா என்பார் என்று நினைத்தேன். சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே மோட்டார் பஸ்ஸின் ஹாரன் கேட்டது, வெளியே வந்து பார்த்தால் இரண்டு பேரும் ஏறிப் போய்விட்டார்கள். ஆபேல் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று முழுக்க எனக்கு எதுவும் ஓடவில்லை. மீன்குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன், உன் மாமா பேசாமல் மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆபேலை வாசலில் இறக்கிவிட்டு உன் அப்பா அதே பஸ்ஸில் போய்விட்டார். பிள்ளை உடுப்பெல்லாம் உப்புநீர், தலைமுடியில் மணல், வாய் மட்டும் ஓயவில்லை. நாகர்கோவிலில் கடையில் ஆளுக்கு இரண்டு ரசவடை தின்றார்களாம், கலர் குடித்தார்களாம், கன்னியாகுமரியில் ஒரே கரையில் சிவப்பு மணலும் கறுப்பு மணலும் கிடக்கிறதாம். நான் கேட்காதது போல அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன், காது முழுக்க அங்கேதான். பிறகு அவன் சொன்னான், “அம்மே, பெரிய காத்து வந்து அப்பாக்க குடையைப் பிடுங்கிக் கடல்ல போட்டுட்டு. அப்பா வேட்டிய மடிச்சுக் கெட்டிட்டுப் பொறத்தால ஓடினாரு, அல வந்து அப்பாவத் தள்ளி உட்டுட்டு. அப்பா தண்ணியிலேயே இருந்து சிரிச்சாரு, நானும் போய்க் கூட இருந்தேன்.”

உன் அப்பாவா சிரித்தார்? ஒருமுறை அவருடைய குடையை நான் கோயிலில் மறந்து வைத்துவிட்டு வந்ததற்கு இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்த மனுஷன், புதுக்குடை கடலோடு போனதற்குத் தண்ணீரில் உட்கார்ந்து சிரித்தாராம். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த எனக்கு அந்தச் சிரிப்பைக் காட்டவில்லையே என்று வயிறு எரிந்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்படுகிற தாய் உண்டா என்று நீ கேட்பாய். உண்டு, நான் இருக்கிறேன். உனக்குப் பசிக்கிறதா என்றுகூட அவனிடம் கேட்காமல் போய்ப் படுத்தேன்.

மறுநாள் கோயிலுக்குப் புறப்படும்போதே பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. நாலு நாள் விடவில்லை. நெற்றியில் துணி நனைத்துப் போட்டவள் நான், வாய்க்குள் மருந்தை ஊற்றினவள் நான், அவன் பிதற்றினது அத்தனையும் “அப்பா, அல வருது, அப்பா பிடிங்க” என்று. ஒரு நாள் வந்து கடல் காட்டினவர் பெயர் வருகிறது, நாளெல்லாம் சோறு போடுகிறவள் பெயர் ஒரு தடவை வரவில்லை. பிள்ளை பிழைத்தால் போதும் என்று ஜெபம் பண்ணுகிற வாயாலேயே, அம்மே என்று ஒரு தடவை கூப்பிடேன் என்றும் கெஞ்சினேன்.

உன் மாமா பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார், எனக்குத் தெரியாது. முந்தாநாள் சனிக்கிழமை உன் அப்பா ஓடி வந்தார். செருப்புகூடப் போடவில்லை, முகம் கறுத்துப்போய் இருந்தது. ஆபேல் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பதைப் பார்த்ததும் கட்டிலோரம் அப்படியே உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையைக் கடலில் நனைய விட்டதற்கு நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று நான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

“அண்ணைக்கு என்ன ஏன் கூப்பிடல்ல?” என்றேன்.

உன் அப்பா நிமிர்ந்து பார்த்தார். “கூப்பிட்டா நீ வருவியா?” என்று கேட்டார்.

“வரமாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா நீங்க கேட்டிருக்கணும்.”

உன் மாமா மெல்ல எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். நான் அடுக்களைக்குப் போய்க் கஞ்சியும் பயறும் எடுத்து வைத்தேன், உன் அப்பா சாப்பிட்டார். புறப்படும்போது படியில் நின்று, மாமாவிடம் அல்ல, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், “பயலுக்குச் சுகமானதும் இன்னும் ஒருக்கா கடலுக்குப் போவோம். நீயும் வாறியா?”

நான் வரவில்லை என்று சொன்னேன். இத்தனை வருஷம் காத்திருந்தவள் உடனே தலையாட்டிவிட முடியுமா, நீயே சொல். அவர் கோபப்படவில்லை. “செரி, அடுத்த சனியாழ்ச்சையும் வந்து கேக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை வைத்து நீ அப்பாவுக்கு ஒன்றும் எழுதிவிடாதே, மருமகனிடமும் சொல்லாதே. குளிரில் காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே, இது உனக்கு மூன்றாம் மாதம், பாரம் தூக்காதே. அனுப்பிய சுக்கும் மிளகும் பொடித்து வைத்துக்கொள். ராத்திரி ஜெபத்தை விட்டுவிடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நல்லபடியாய்ப் பிள்ளையை உன் கையில் தரட்டும். மருமகனுக்கு என் அன்பைச் சொல். கேட்டதற்குப் பதில் எழுத மறக்காதே, இன்று திங்கள், சனிக்கிழமை அவர் வந்து கேட்பதற்குள் உன் கடிதம் வந்து சேரவேண்டும், என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா
நேசம்மாள் ஞானதாசன்