முன்னும் பின்னும் கண்

ஜன. 22, திங்கள், விருத்தாசலம்

பனி. வெயில் ஏறும்வரை மணிமுத்தாற்றுப் பாலம் தெரியவில்லை. திட்டக்குடிக்குப் புறப்படும் அவசரம். ஏரித் தண்ணீர்த் தகராறு, இரண்டு நாளாவது இழுக்கும். அந்த நேரம் பார்த்துத் தபால். மெட்ராஸிலிருந்து, கார்ப் பந்தயம் நடத்துகிறவர்களின் ஆங்கிலத் தாள்.

எங்கள் வண்டியைச் சேர்த்துக்கொண்டார்கள். பிப். 11, ஞாயிறு. நகரத்துக்கு வடக்கே பழைய விமான ஓடுதளம். முதல் நாள் சோதனை. அதில் தேறாத வண்டி வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

செருப்பை மாட்டிக்கொண்டே நிபந்தனைகளைத் தமிழில் என் மனைவி மரகதத்துக்குச் சொன்னேன். இடுப்புப் பட்டை. தீயணைக்கும் டப்பா. முன்னால் ஒரு கண், பின்னால் ஒரு கண், பளிச்சென்று வர்ணம் பூசி.

"கண்ணா?" என்றாள்.

கண்தான், அப்படித்தான் போட்டிருக்கிறது என்றேன். பஸ்ஸுக்கு ஓட்டம்.

ஜன. 23, செவ்வாய், திட்டக்குடி

ஓட்டல் சாம்பாரில் உப்பு மட்டும்தான். மதகுச் செய்தி அனுப்பியாயிற்று. ஆபீஸுக்கு டிரங்க் கால் போட்டால் செய்தி ஆசிரியர் மதகை விட்டுவிட்டுக் காரைப் பிடித்துக்கொண்டார். எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. நிருபர் பந்தயத்தில் இறங்குவது முறையல்லவாம். சொந்த வண்டியைப் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாதாம். இந்த வயதில் இது தேவையா என்றும் கேட்டார்.

வயது ஐம்பத்திரண்டு, விவரம் சரி என்றேன். பிப்ரவரியில் லீவு வேண்டும் என்றும் அதே மூச்சில் சொல்லிவிட்டேன். காரணம்: சொந்த வேலை.

ஜன. 28, ஞாயிறு

மின்வெட்டு. சட்டை இஸ்திரி இல்லை. டீக்கடையில் ஒருவர்: "சார், உங்க சோப்பு டப்பா எப்ப கரையப் போவுது?" கடையே சிரித்தது. நானும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அந்த டப்பா என்னவென்று இங்கே குறித்துவைக்கிறேன். கீழே, சட்டமும் எஞ்சினும் பழைய டாக்ஸியுடையவை. மேலே, சீமைப் பத்திரிகைப் படத்தில் இருந்த ஸ்போர்ட்ஸ் காரின் உடம்பு. மரகதம் பீங்கான் பட்டறையில் அச்சுப் பிரிவு. கோப்பைக்கும் ஜாடிக்கும் பிளாஸ்டர் அச்சு எடுக்கிறவள் எங்கள் கொல்லையில் காருக்கு அச்சு எடுத்தாள். அதில் ஃபைபர் வார்த்தோம். எஞ்சின் முதல் ஓட்டுவது வரை காதர் பாய். மங்கலம்பேட்டையில் லாரி ஷெட் வைத்திருக்கிறார். வழியில் படுத்துவிட்ட லாரிகளைக் கட்டி இழுத்துவருவது அவர் தொழில்.

பாய்க்கு அடுத்த மாதக் கடைசியில் குவைத் பயணம். திரும்ப எத்தனை வருஷமோ. இந்தப் பந்தயத்தை விட்டால் அவருக்கு வேறு பந்தயம் இல்லை.

பிப். 1, வியாழன்

ஷெட்டுக்குப் போனேன், பத்து நாளுக்குப் பிறகு. வண்டி என்னைப் பார்த்தது.

நிஜமாகவே. முன்பக்கம் இரண்டு பீங்கான் கண். வெள்ளை, கறுப்புப் பாவை, ஓரத்தில் சிவப்பு ரேகை, மேலே பளபளவென்று மெருகு. பின்பக்கமும் இரண்டு. ம. பட்டறைச் சூளையில் வைத்துச் சுட்டு எடுத்திருக்கிறாள். தாளில் ஒன்று என்றுதானே இருந்தது என்று கேட்டேன். ஒற்றைக் கண் பார்க்க நன்றாயில்லை, அதனால் இரண்டாக வைத்தாளாம்.

பாய் ஏன் ஒன்றும் கேட்கவில்லை? "உங்க வூட்டு வழக்கம்னு நெனச்சேன் சார். கண்ணு படக் கூடாதுன்னு கண்ணு வைக்கிறீங்க, எனக்கென்னா."

பிறகுதான் விளக்கினேன். அது பார்க்கிற கண் இல்லை. வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்க ஒரு இரும்பு வளையம். இங்கிலீஷில் அதற்குக் கண் என்று பேர். வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்தவன் நான். இப்படிப் பெயர்க்கும் பையன்களை ஆபீஸில் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

ம. சிரிக்கத் தொடங்கி உட்கார்ந்துவிட்டாள். பாய் சிரிக்கவில்லை.

பிப். 2, வெள்ளி

தொண்டைக் கட்டு. மிளகுப் பால்.

தொழுகை முடிந்து பாய் நேரே வீட்டுக்கு வந்தார். வளையமும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம் என்கிறார். நிற்காத வண்டிக்கு அது எதற்கு என்பது அவர் வாதம். நிபந்தனை என்றேன். அது எழுதினவனுடைய வண்டிக்கு என்றார்.

"இருவது வருசமா நான் இழுக்குறவன் சார். என்னைய எவன் இழுக்குறது? அதுவும் அம்மாஞ் சனம் பாக்க?"

ம. அடுப்பங்கரையிலிருந்தே சொன்னாள்: "கொக்கி இல்லேன்னா உள்ளயே வுட மாட்டாங்கண்ணே. அப்புறம் கேட்டுலேருந்து நாம மூணு பேருந்தான் தள்ளிக்கிட்டு வரணும். அதையும் சனம் பாக்கும்."

பாய் காபியைக் குடித்தார். டம்ளரை வைத்தார். போயிட்டு வரேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிப். 4, ஞாயிறு

சம்மதம். அதையும் அவர் சொல்லவில்லை. ஷெட்டில் உலை எரிந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

செய்திருப்பது காருக்கான கொக்கி அல்ல. என் கட்டைவிரல் தடிமன் இரும்பில் வளையம், சட்டத்தோடு நான்கு போல்ட். கனம் அதிகமாயிற்றே, ஓட்டம் குறையாதா என்றேன். "வைக்கிறதுன்னு ஆச்சு. லாரியக் கட்டி இழுத்தாலும் இது வரக் கூடாது." இனி அவரிடம் கனம் பற்றிப் பேசிப் பயனில்லை.

பின்பக்கம் சுலபம். முன்பக்கம்தான் சிக்கல். வளையம் வெளியே வர வண்டியின் மூக்கில் ஓட்டை போட வேண்டும். ம. மூன்று முறை அச்சை உடைத்து உடைத்துச் சரிசெய்த மூக்கு அது. பாய் ரம்பத்தை எடுத்தவர் அவளைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். நான் வேண்டுமென்றே வெளியே போய் நின்றேன்.

ரம்பச் சத்தம் கேட்டுத் திரும்பினால் அறுப்பது அவள்.

"எனக்கு மூக்கு குத்துனப்ப ஊரே கேக்க அழுதேன். இப்ப நல்லாத்தான இருக்குது" என்றாள், யாரையும் பார்க்காமல்.

பின் கண்களைக் கழற்றியாயிற்று. முன் கண்களைக் கழற்ற மாட்டாளாம். இரண்டு கண், கீழே நடுவில் சிவப்பு வளையம். பத்திரிகைப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. படத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பிப். 6, செவ்வாய்

கம்மாபுரம் போய் வந்தேன், நிலம் எடுப்புக் கூட்டம். செய்தி நாளைக்கு.

மாலை சோதனை. பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி பாய் காரில். முன்னால் அவருடைய லாரி. சங்கிலி. லாரி உறும, கார் டயர் தேய்ந்துகொண்டே போயிற்று. ரப்பர் நாற்றம். வளையம் அசையவில்லை. பின்பக்கமும் அப்படியே. டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். சோப்பு டப்பா என்று இன்று சொல்லவில்லை.

பிப். 10, சனி, மெட்ராஸ்

நேற்று பாயும் நானும் வண்டியிலேயே வந்தோம், ம. ரயிலில். லாரியில் ஏற்றிவர பாய் ஒப்பவில்லை. முதுகு போயிற்று.

சோதனை அதிகாரி வெள்ளைக் கால்சட்டை, நல்ல மனிதர், ஆனால் உதட்டோரம் ஒரு சிரிப்பு. எந்தக் காரின் நகல் என்று கண்டுபிடித்துவிட்டார். வளையத்தைக் காலால் உதைத்துப் பார்த்தார். பிறகு கையால். பிறகு முழங்காலிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். தேறியது.

கண்கள்தான் தகராறு. உடைந்தால் சில்லு தெறிக்குமாம். கழற்றச் சொன்னார். அசல் வண்டியில் இதெல்லாம் கிடையாதே என்றார்.

"இதாங்க அசல்" என்றாள் ம.

பீங்கான் கண்ணை விரலால் தட்டிப் பார்த்தார். அப்புறம் விளக்குக் கண்ணாடிகளுக்கு ஒட்டுகிற மாதிரி குறுக்கும் நெடுக்கும் பட்டை ஒட்டிக்கொள்ளச் சொன்னார். ஒட்டினோம். அடிபட்ட மாட்டுக்குக் கட்டுப்போட்ட மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். சீட்டு கொடுத்துவிட்டார்.

பிப். 11, ஞாயிறு

வெயில். தலைக்கு ஈரத் துண்டு.

மூன்று சுற்று நன்றாக ஓடியது. பன்னிரண்டு வண்டியில் ஏழாவது. பாய் திருப்பத்தில் இரண்டு பேரைத் தாண்டியபோது ம. என் கையைக் கிள்ளிய இடம் இன்னும் சிவந்திருக்கிறது. நான்காவது சுற்றில் வரவில்லை. கியர் பெட்டி போயிற்று.

பந்தயம் முடிந்ததும் ஜீப் போயிற்று. வந்தது, பின்னால் கயிற்றில் எங்கள் வண்டி. அத்தனை ஜனத்துக்கும் முன்னால், பாய் பயந்தபடியே. ம. தரையைப் பார்த்தாள். நான் வண்டியைப் பார்த்தேன். பாய் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையை உயர்த்திக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டு வந்தார், ஓட்டுக் கேட்டு வருகிறவர் மாதிரி. கூட்டம் சிரித்தது. அவர் கையை இறக்கவில்லை.

சரியாகப் பார்வையாளர் மேடைக்கு எதிரே கயிறு அறுந்தது. ஜீப் தனியே போயிற்று. ஆட்கள் ஓடி வந்து வளையத்தைக் குனிந்து பார்த்தார்கள்.

"அங்க என்னா பாக்குறீங்க? அறுந்தது உங்க கயிறு. எங்க கண்ணு அங்கயேதான் இருக்குது. போயி சங்கிலி எடுத்துக்கிட்டு வாங்க." பாய் கத்தியது அப்பாலிருந்த எனக்கே கேட்டது. மேடையில் யாரோ கை தட்டினார்கள். பிறகு நிறையப் பேர்.

சங்கிலி வந்தது.

லீவில்தான் இருக்கிறேன். இருந்தாலும் ஆபீஸுக்குப் போன் போட்டேன். விளையாட்டுப் பக்கத்துப் பையன் எடுத்தான். முடிவுகளை வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் மூன்று வரி. விருத்தாசலம் வண்டி நான்காவது சுற்றில் நின்றது. இழுத்த கயிறு அறுந்தது. கண் தாங்கியது.

"கண்ணா சார்?"

கண்தான், அப்படியே போடு என்றேன்.