சூப் சூடாக இருந்தது

வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் அப்பாவின் கன்னங்களைத் தவிர. நீயும் நலம் என்று உன் கடிதத்தில் இருந்தது, குளிர்காற்று பட்டால் கன்னம் எரிகிறது என்றும் இருந்தது, அதற்கு அப்புறம் வருகிறேன். லாண்ட்ரிக்குப் புதிதாக நீராவி இஸ்திரி வாங்கியிருக்கிறோம், உன் தம்பி அப்பாவை அதன் பக்கமே விடுவதில்லை. காரணம் இருக்கிறது. அப்பாவுக்கு அடிக்கடி முகம் சிவக்குமே, அது இப்போது கன்னத்திலும் மூக்கிலும் நிரந்தரமாகவே தங்கிவிட்டது, சின்னச் சின்னக் கொப்புளம் வேறு. தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்தம்மா பார்த்துவிட்டு ரோசேசியா என்றார். பயப்பட ஒன்றுமில்லை, யாருக்கும் ஒட்டாது, ஆனால் அடியோடு போகாது, எது கிளப்பிவிடுகிறது என்று தெரிந்துகொண்டு ஒதுங்க வேண்டும் என்றார். வெயில், அனல், நீராவி, கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது, காரம், மது, குளிர்காற்று, சில சோப்பு, கிரீம், மனக்கவலை என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாமே எல்லோருக்கும் ஆகாது என்றில்லை, ஆளுக்கு ஆள் மாறும், கவனித்துப் பாருங்கள் என்றார். கவனிக்கிற வேலை யார் தலையில் விழும், என் தலையில்தான். வெளியே போனால் தொப்பி, காலையில் வெயிலுக்கு ஒரு கிரீம், ராத்திரி ஒரு மருந்து. இந்த வயதில் உன் அப்பா கண்ணாடி முன்னால் நின்று கிரீம் பூசுவது கண்கொள்ளாக் காட்சி.

போன வாரம் ஒரு வக்கீல், கோட்டில் பொத்தான் குறைகிறது என்று கடைக்கு வந்து வாய்க்கு வந்தபடி கத்தினார், உன் தம்பியைத் திருடன் என்றே சொல்லிவிட்டார். பொத்தான் கோட்டுப் பையிலேயே இருந்தது, அது வேறு கதை. அப்பாவுக்கு அப்படியொரு கோபம் வந்தது. நான் முகத்தைப் பார்த்தேன். சிவக்கவே இல்லை, வெளுத்துப் போயிருந்தது. அன்று சாயங்காலம் மறதியாகச் சூப்பைச் சுடச்சுட ஊற்றிக் கொடுத்துவிட்டேன், இரண்டு வாய் குடித்ததும் காது வரைக்கும் குப்பென்று சிவந்தது. நான் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன்.

நீ கிளம்பிய அன்றும் சூப்தான். கடை எனக்கு வேண்டாம், வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னாய். அவர் முகம் செக்கச்செவேலென்று ஆனது, வாயைத் திறக்கவில்லை. நீ எழுந்துபோய்ப் பெட்டியைக் கட்டினாய். அன்றிலிருந்து அப்பாவின் கோபம் தணிந்ததா என்று எனக்குத்தான் எழுதுகிறாய், அவருக்கு ஒரு வரி கிடையாது. நானும் கோபம் என்றே நினைத்து அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்தேன். நேற்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் சட்டைக் காலரை மடித்தபடியே, கோபமா, எனக்கென்ன கோபம், சூப்பு நாக்கைச் சுட்டுடுச்சு, முழுங்கிட்டுச் சொல்லலாம்னு பார்த்தேன், அதுக்குள்ள எழுந்துட்டா, என் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கலைபோலன்னு நானும் விட்டுட்டேன் என்றார். உங்கள் இருவரையும் உட்காரவைத்து நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. அப்புறம் உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன்.

உன் கன்னத்துக்கு வருகிறேன். தோல் விஷயத்தில் நீ அப்படியே அப்பா, அதனால் கண்டதை வாங்கிப் பூசாதே, டாக்டரிடம் காட்டு, காற்றடித்தால் முகத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள், காபியை ஆறவைத்துக் குடி. நேரத்துக்குச் சாப்பிட்டு, ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் நீ. இந்தத் தடவை பதிலை அப்பா பெயருக்குப் போடு, மறந்துவிடாதே. அன்றைக்கு முழுங்கிவிட்டு என்ன சொல்ல இருந்தீர்கள் என்று கேட்டேன், அதை அவரே எழுதுகிறாராம். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

சரிம்மா, போயிட்டு வா.
அப்பா