எட்டாத காற்று

என் செல்ல மகளுக்கு,

ஸ்கேன் முடிவு வந்ததிலிருந்து நீ ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் பற்றியே பேசுகிறாய். ஓரத்தில் காற்று கசிந்திருக்குமோ என்று போனில் அழுதாய். நீ சரியாகத்தான் மாட்டினாய்.

முதல் நாள் டாக்டர் சொன்னாரே, என் தொண்டைக் கட்டியின் நடுவில் ஆக்ஸிஜன் எட்டவில்லை, அது இல்லாத இடத்தில் கதிர்வீச்சு சரியாக வேலை செய்யாது, அதற்குத்தான் மாஸ்க் என்று. "சிகரெட் பிடிச்சா ரத்தத்துல ஆக்ஸிஜன் குறையும். தொடவே கூடாது," என்றார். நான் வாய் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "அப்பா அதை விட்டு மூணு மாசம் ஆச்சு, டாக்டர்!" உன் முகத்தில் அவ்வளவு பெருமை.

சிகிச்சை நடந்த முப்பது நாளும், நீ பதிவு செய்ய வரிசையில் நின்றபோது நான் கழிவறைக்குப் போய் சிகரெட் பிடித்தேன். கதிர்வீச்சு கொடுக்கும் அந்த அறையில் தனியாகப் படுக்கப் பயமாக இருந்தது, அம்மா. பிறகு கிராம்பை மென்றுகொண்டு உன் முன்னால் வந்து உட்காருவேன்.

அதனால்தான் கட்டி கரையவில்லையா என்று நேற்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஆனா கெடுத்திருக்கும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாய். வேறு ஆஸ்பத்திரி தேடாதே. வந்து என்னைத் திட்டு. திட்டி முடித்ததும் எழுந்து போய்விடாமல், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்.

அப்பா