வாய் திறக்கக் கூடாத வேலை

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

ஆய்வுக்கூடத்தில் ஆட்களை ட்ரெட்மில்லில் முடியாமல் போகும்வரை ஓடவிட்டு, நான் நேரம் குறிக்கிறேன். பக்கத்தில் நிற்பவர் வாயே திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை தைரியம் சொன்னாலும் அளவு கெட்டுவிடுமாம். நேற்று ஒரு பெண் தள்ளாடினாள். என்னை அறியாமல், "இன்னும் கொஞ்சம்தாம்மா, விட்டுடாதே!" என்று கத்திவிட்டேன். அப்படியே உன் குரல்! நம் மொழி அவளுக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் மேலும் இரண்டு நிமிடம் ஓடினாள்.

பேராசிரியர் அந்த ஓட்டம் செல்லாது என்று அடித்துவிட்டார்.

"ஓடினது அவ கால்தானே சார்?" என்றேன்.

"யாரும் எதுவும் சொல்லாம எவ்வளவு ஓடுறாளோ, அதுதான் அவளோட உண்மையான பலம்" என்றார்.

எனக்கு அது ஒப்பவில்லை. அதுதான் உண்மை என்றால், என் பலம் ரொம்பக் கொஞ்சம் அம்மா.

போனில் ஏதாவது பேசிப் பதிவு செய்து அனுப்பேன். திட்டினாலும் பரவாயில்லை. காலையில் கிளம்பும்போது கேட்டுக்கொள்வேன்.

அடுத்து ஓட வேண்டியவர் ஷூ மாட்டிக்கொண்டுவிட்டார். இனி நான் பேசக் கூடாது.

உன் மகள்