சாத்திய ஜன்னல்

நவம்பர் 12, செவ்வாய்

மழை தொடங்கியதிலிருந்து இதே கதை. காலையில் ஒன்றுமில்லை. சாயந்திரம் வேலை முடிந்து தோல் கம்பெனி பஸ்ஸில் மாதனூர் வந்து இறங்கும்போது குளிர்கிறது. பிறகு காய்ச்சல், இருமல். "மழைக்காலம்னா எல்லாருக்கும் வர்றதுதான்" என்கிறாள் அம்மா. எல்லாருக்கும் வந்தால் அது வியாதி இல்லையா?

நவம்பர் 20

வேலூரில் டாக்டரைப் பார்த்தேன். நுரையீரலில் அலர்ஜியாம். ஏதோ தூசு திரும்பத் திரும்ப உள்ளே போகிறது. இப்படியே விட்டால் நுரையீரல் தழும்பேறிவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. "வீட்ல புறா வளர்க்கிறீங்களா?" ஆமாம் என்றேன். அந்தத் தூசாக இருக்கலாம், புறாக்களை அனுப்பிவிடுங்கள் என்றார். "வேலை?" "ஸ்டோர்ல தோல் துடைக்கிறேன்." தோலிலிருந்து எதைத் துடைக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

அண்ணன் தானியேல் தன் புறாக்கள் எல்லாவற்றையும் மேல்விஷாரத்தில் புறா வளர்க்கும் சத்தாரிடம் கொடுத்துவிட்டு வந்தான். கூண்டையும் அவனே கழுவினான். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டிசம்பர் 11

புறா இல்லை. காய்ச்சல் இருக்கிறது.

ஜனவரி 19

பொங்கல் லீவு முழுக்க நன்றாக மூச்சு விட்டேன். ஏன்?

ஜனவரி 20, திங்கள்

தோல் வாங்கும் வெளிநாட்டு பையர் வருகிறார். மழையில் தோல் அடுக்குகளில் பூத்த பூஞ்சை அவர் கண்ணில் படக் கூடாது. தூள் அடுத்த செக்‌ஷனுக்குப் பறக்காமலிருக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் நாள் முழுக்கத் தேய்த்தோம். சாயந்திரம் குளிர், காய்ச்சல்.

அட மடச்சி! புறாவா?

ஜனவரி 21

சூப்பர்வைசர் தேவானந்தத்திடம் ஈரத்துணியும் நல்ல மாஸ்க்கும் கேட்டேன். ஜன்னலைத் திறக்கச் சொன்னேன்.

"ஈரம் பட்டா கறை நிக்கும் அக்சா. உங்க ஊட்டு புறாவுக்கு கம்பெனி இன்னா பண்ணும்?"

லீவு கேட்டபோது புறாக் கதையைச் சொன்னது நான்தான். நானே எடுத்துக் கொடுத்தேன்.

"புறா நோவு எங்களுக்கும் ஒட்டிக்கப் போவுதுடி" என்று பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்த சௌந்தர்யா சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

பிப்ரவரி 3

டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். "முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா." நீங்க கேட்டிருக்கலாமே சார்! வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். தோல் துடைக்கும் அந்த அறைக்குள் போகவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார். தேவானந்தம் அதைப் படித்தார். வேறு செக்‌ஷனில் இடமில்லையாம். அப்படியென்றால் வீட்டுக்குப் போ என்று அர்த்தம். வந்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காய்ச்சல் இல்லை. மாடி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது.

சாயந்திரம் சௌந்தர்யா வந்தாள். உட்காரவில்லை. "அக்சா, உனக்கு பஸ்ஸ விட்டு இறங்கறப்போ குளுரும்னியே… எப்டி குளுரும்?"

அவள் வீட்டில் புறா கிடையாது.

புதன்கிழமை அவளோடு டாக்டரிடம் போகிறேன். டாக்டர் அந்தத் தூளைக் கண்ணால் பார்க்கட்டும் என்று, நாளைக்கு கம்பெனியிலிருந்து அந்தப் பிரஷ்ஷைக் கழுவாமல் பையில் போட்டு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.