எதுக்கும் ஒரு இன்டு

பொருநை சரக்கு விண்கலம். நாள் 61, 06:10

எழுதுவது பிலோமின் மச்சாது, சரக்கு அதிகாரி. கலத்தில் நான் ஒருத்திதான். தூத்துக்குடியில் ஏற்றிய சரக்கு, செவ்வாய்ச் சுற்றுத் துறைமுகத்துக்குப் போகிறது. கருவிகள் சரி. சரக்கறை வெப்பம் சரி.

வேறு வேலை இல்லாததால் சரக்குத் தாளை மறுபடி படித்தேன். கலப்புச் சரக்குக்கு விதி எளிது. ஆபத்தானதும் ஆபத்தில்லாததும் ஒரே தாளில் வந்தால் ஆபத்தானதை முதலில் எழுத வேண்டும், அதற்கு நேரே சிவப்பில் ஒரு இன்டு, பெருக்கல் குறி, போட வேண்டும். தீப்பிடித்தால் எதை வெளியே தள்ளுவது என்று அந்த இன்டுவைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். எங்கள் அலுவலகம் எல்லாவற்றுக்கும் போட்டு வைத்திருக்கிறது. மின்கலம், பெயின்ட், அரிசி, கொப்பரை, எவர்சில்வர் பாத்திரம். விட்டுப்போன இன்டுவுக்கு அபராதம் உண்டு. கூடுதலாகப் போட்டதற்குக் கிடையாது. எனக்கு மூச்சு விட வைத்திருக்கும் மாற்றுக் காற்று வடிகட்டிகளுக்கும் இன்டு. அதனால் கலத்தை நடத்தும் எந்திரம் அவற்றையும் ஆபத்துச் சரக்கறையில் கொண்டுபோய் அடுக்கிவிட்டது. இடம் போதாமல் பாத்திரப் பெட்டிகள் மட்டும் என் அறைக்குப் பின்னால் இருக்கின்றன.

கொப்பரைக்கு இன்டு போட்ட மகராசன் யாரென்று தெரிந்தால் ஒரு சட்னி அரைத்துக் கொடுக்கலாம்.

நாள் 64, 13:40

ஆபத்துச் சரக்கறை, நான்காம் வரிசை. வெப்பம் ஏறுகிறது. புகை பதிவாகிறது. அந்த வரிசையில் ஒன்பது பெட்டி. எந்தப் பெட்டி என்று கருவி சொல்லாது, அதைச் சொல்லத்தான் தாள். தாளில் ஒன்பதுக்கும் இன்டு.

வெப்பம் எல்லை தாண்டினால் எந்திரம் வெளிக்கதவைத் திறந்து அறை முழுவதையும் விண்ணில் வீசிவிடும். வடிகட்டிகள் இந்த வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கின்றன. பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கையால்தான் தள்ள வேண்டும். தாளைத் தயாரித்தவர் தூத்துக்குடி அலுவலகத்தில் இருக்கும் உமையொருபாகம் அண்ணாச்சி. உண்மையிலேயே ஆபத்தானது எது என்று அவருக்குக் கேட்டு அனுப்பினேன்.

நாள் 64, 14:25

அண்ணாச்சியின் பதில்:

"ஏ பிலோமினு, என்னத்தச் சொல்ல. எல்லாம் ஆபத்துன்னே வச்சுக்கோயேன். எது எதுன்னு நாம பிரிச்சு எழுதலயே. சரக்கு அனுப்புனவங்கள்ட்ட கேட்டுச் சொல்லுதேன், கொஞ்சம் பொறு."

நான் பொறுப்பேன். நெருப்பிடம் யார் சொல்வது. மின்கலப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

நாள் 64, 17:05

மின்கலம் போயிற்று. வெப்பம் இறங்கவில்லை. பெயின்ட் போயிற்று. இறங்கவில்லை. கையுறைக்குள் விரல்கள் கொப்பளித்துவிட்டன. அடுத்தது கிருமிநாசினி. அரிசியையும் கொப்பரையையும் தொடவில்லை. சமையல் சாமானில் நேரத்தை வீணாக்க முடியாது.

நாள் 64, 18:30

எந்திரம் எச்சரித்தது. உள்கதவுக்கு இந்தப் பக்கம் ஓடி வந்தேன். அறை காலியாயிற்று. சத்தம்கூட இல்லை. வடிகட்டிகள் போய்விட்டன.

அதற்குப் பிறகு அண்ணாச்சி:

"கொப்பரையப் பாரு தாயி. ஏத்தும்போது மழையில நனஞ்சிருக்கு. ஈரக் கொப்பரை தன்னால சூடேறிப் பத்திக்கிடுமாம்லா. அதுக்கு நெசமாவே இன்டு உண்டாம்."

எல்லாவற்றுக்கும் போட்டிருந்ததால் எதையும் நம்பவில்லை. அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. பசித்தது, சாப்பிட்டேன்.

நாள் 65, 09:00

மாட்டியிருக்கும் வடிகட்டி இன்னும் பதினாறு நாள் தாங்கும். துறைமுகம் நாற்பது நாள் தொலைவு. ஆனால் அங்கிருந்து மீட்புப் படகு பன்னிரண்டு நாளில் என்னிடம் வந்துவிடும். படகோட்டி அருமைநாயகம், உத்தரவு வரும்வரை காத்திருக்காமல் புறப்பட்டுவிட்டார்.

"மேடம், வடிகட்டி எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். ஒரே ஒரு சிக்கல்தான். உங்க தாள்ல இன்னும் இன்டு இருக்கு. இன்டு இருக்குற கலத்துக்கிட்ட போனா என் படகு தானா கதவப் பூட்டிக்கிட்டுத் திரும்பிரும். புதுத் தாள் அனுப்பச் சொல்லுங்க. வந்துட்டா உங்களையும் ஏத்திக்கிட்டே போயிருவேன்."

கலத்தில் மிச்சமிருக்கும் சரக்கு எவர்சில்வர் பாத்திரம். குடமும் கரண்டியும் ஆபத்தில்லை என்று அலுவலகத்தில் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

நாள் 69, 11:15

அண்ணாச்சி:

"மேனேஜர்ட்ட கேட்டேன். இன்டுவ யாரும் போடலாம், எடுக்கணும்னா பொறுப்பேத்து ஒருத்தன் கையெழுத்துப் போடணுமாம். கரண்டிதானய்யான்னு சொன்னேன். பெட்டியத் தொறந்து பாத்தியான்னு கேக்காவ."

பெட்டிகளைத் திறந்தேன். எல்லாக் குடத்தையும் கரண்டியையும் படம் பிடித்து அனுப்பினேன். ஒரு குடத்தில் என் முகம் தெரிந்தது. அந்தப் படத்தையும் அனுப்பிவிட்டேன், மறுபடி எடுக்கத் தெம்பில்லை.

நாள் 74, நேரம் பார்க்கவில்லை

தலைவலி. காற்று கெட்டுக்கொண்டு வருகிறது. அலுவலகத்தில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்களாம்.

மனசு மரத்துப் போய்க் கிடக்கிறது. ஆனால் எனக்குச் சாக இஷ்டமில்லை. இதை எழுதி வைக்கிறேன். பிறகு யாரும், பிலோமின் அமைதியாக ஏற்றுக்கொண்டாள் என்று பேசக் கூடாது.

நாள் 77, 08:20

படகு தெரிகிறது. விளக்கை அணைத்து அணைத்துப் போடுகிறார் அருமைநாயகம். நானும் போட்டேன். விண்வெளி உடுப்பை மாட்டிக்கொண்டு கதவருகே உட்கார்ந்திருக்கிறேன்.

நாள் 77, 10:45

அண்ணாச்சி:

"பிலோமினு, புதுத் தாள் வந்துட்டு. பாத்திரத்துக்கு இன்டுவ எடுத்தாச்சு. யாரும் போட மாட்டேன்ட்டாவ, நாந்தான் கையெழுத்துப் போட்டேன். ஆனா கூட்டத்துல ஒருத்தரு, அந்தப் பிள்ள கொப்பரைப் புகையில நின்னுருக்கே, அது என்ன செய்யுமோன்னு கேட்டுட்டாரு. எதுக்கும் இருக்கட்டும்னு ஒம் பேரையும் தாள்ல சேத்து ஒரு இன்டு போட்டுட்டாவ. நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்த பொறவுதான் சேத்திருக்காவ. எடுங்கன்னு சொல்லிட்டு மேனேஜர் ரூம் வாசல்லயேதான் நிக்கேன் தாயி."

நாள் 77, 11:02

அருமைநாயகம்:

"மேடம், படகு திரும்புது. நான் திருப்பல. கையால நிறுத்திப் பாத்தேன், கேக்க மாட்டேங்குது. வடிகட்டிய வெளியில தூக்கிப் போட்டுரலாம்னா கதவும் பூட்டிக்கிச்சு. மேடம், கேக்குதா? ஏதாவது சொல்லுங்க மேடம்."

கேட்கிறது என்று சொன்னேன். பத்திரமாகப் போங்கள் என்றும் சொன்னேன். விளக்கு ரொம்ப நேரம் தெரிந்தது.

நாள் 80

அலுவலகத்தில் இரண்டு நாள் விடுமுறை. அண்ணாச்சி மட்டும் வாசலில் இருக்கிறாராம்.

புதிய தாளைப் படித்தேன். எழுத்து ஆடுகிறது, இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது.

வரி ஒன்று: பிலோமின் மச்சாது. எண்ணிக்கை ஒன்று. இன்டு.

வரி இரண்டு: எவர்சில்வர் பாத்திரம். இன்டு இல்லை.

ஆபத்தானது முதலில் வர வேண்டும். வந்திருக்கிறது. இந்தத் தடவை தாளில் பிழை ஒன்றும்