நாற்பது விநாடி வாளி

அக்டோபர் 9

முழங்கால் இன்றும் விண்விண் என்றது. அணையின் அடிக்கு நூற்றுப் பன்னிரண்டு படிகள். இறங்கவில்லை. தினமும் அணையின் கசிவை அளப்பதுதான் என் வேலை; கசிவுக் குழாயின் கீழே வாளியை வைத்தால் நிரம்ப நாற்பது விநாடி ஆகும். போன வருடமும் நாற்பது, அதற்கு முந்தைய வருடமும் நாற்பது. மேல் அறையில் உட்கார்ந்தபடியே பதிவேட்டில் நாற்பது என்று எழுதிவிட்டுத் தேநீர் குடித்தேன். மூன்று வாரமாக இதுதான் வழக்கம். பொறியாளர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "எல்லாரும் உங்களை மாதிரி எழுதினா எனக்கு நிம்மதி" என்றார். கூச்சமாக இருந்தது. கொஞ்சம்தான்.

அக்டோபர் 11

மழையில் நீர்மட்டம் ஏறிவிட்டது. வலி குறைந்ததால் இறங்கினேன். வாளி பதினான்கு விநாடியில் நிரம்பியது. கடிகாரம் கோளாறோ? மறுபடி வைத்தேன். பதின்மூன்று. தண்ணீர் கலங்கல், வாளியின் அடியில் துழாவினால் களிமண். கரைக்குள்ளிருந்து மண் அரித்துக்கொண்டு வருகிறது. பயமாக இருக்கிறது. அணைக்கு நேர் கீழே முதல் வீடு அக்காவுடையது.

அக்டோபர் 12

பொறியாளரிடம் சொன்னேன். பதிவேட்டைத் திறந்தார். "முந்தாநாள் வரைக்கும் நாற்பது. திடீர்னு எப்படிப் பதிமூணு ஆகும்? மழைத்தண்ணி கலந்திருக்கும். ரெண்டு நாள் பார்ப்போம்."

என் பொய்யை நம்புகிறார், உண்மையை நம்பவில்லை. சொன்னால் வேலை போய்விடும். மகள் படிப்பு?

அக்கா வீட்டுக்குப் போனேன். "ரெண்டு நாள் எங்க வீட்ல வந்து இரேன்க்கா."

"ஏன், உன் பொண்டாட்டி சமையல் அலுத்துப்போச்சா? நீ தினம் இறங்கிப் பாக்குற அணைதானேடா. அந்தத் தைரியத்துலதான் நான் தூங்குறேன்." சோறு போட்டாள். பாதியில் எழுந்து கை கழுவினேன்.

அக்டோபர் 13

காலையில் ஒன்பது விநாடி.

சொல்லிவிட்டேன். "சார், அந்த நாற்பதெல்லாம் பொய். முந்தாநாளுக்கு முன்னாடி மூணு வாரமா நான் கீழ இறங்கவே இல்ல."

அவர் திட்டவில்லை. முகம் வெளிறிப் போய் போனை எடுத்தார். மதகுகளை முழுக்கத் திறந்தார்கள். கீழே இருந்த எல்லாரையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினார்கள். அக்காவை நானே கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவள் பிழைப்பே அந்தத் தையல் மிஷின்தான். அதைத் தூக்க நேரமில்லை; பிறகு யாரையும் கீழே விடவும் இல்லை. நான் இறங்கிப் பார்த்திருந்தா மூணு வாரம் இருந்துச்சே... மிஷின் என்ன, வீட்டுக் கதவைக்கூடக் கழட்டி எடுத்திருக்கலாமே! பாவி நான்.

அக்டோபர் 15

காலை பத்தேகாலுக்குக் கரை சரிந்தது. நீர்மட்டம் பாதிக்குக் கீழே போயிருந்தது, ஆள் சேதம் இல்லை. அக்கா வீடு இல்லை.

நவம்பர் 2

வேலைநீக்கக் கடிதம் வந்தது. மடித்து வைத்தேன். பதினெட்டு நாளாக அக்கா எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அந்த நாற்பது பொய்யென்று தெரிந்ததிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாலையில் மகள் குழாயடியில் வாளியை வைத்துத் திறந்துவிட்டுப் போனாள். நான் பக்கத்தில் நின்றேன். என்னையறியாமல் வாய் எண்ண ஆரம்பித்தது. பதினொன்று, பன்னிரண்டு...

அக்கா வந்து குழாயை மூடினாள்.

"அப்ப எண்ணியிருக்கணும்டா" என்றாள்.

பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.